தாம்பரத்து நடைபாதையில் நிர்வானா: ‘மாற்று’ இசை விலைபோன கதை

தாம்பரம் ரயில் நிலையத்திலிருந்து ஜி.எஸ்.டி. சாலைப் பக்கம் இறங்கினால், சாயங்கால நேரத்தில் நடைபாதைக் கடைகளில் டீ-ஷர்ட்கள் வரிசையாகத் தொங்கும். தோனி, ஸ்பைடர்மேன், ஏதோ ஒரு அனிமே நாயகன். நடுவில் ஒரு மஞ்சள் முகமும் இருக்கும். கண்கள் இருக்க வேண்டிய இடத்தில் பெருக்கல் குறி, கோணலாகத் தொங்கும் நாக்கு, மேலே ‘நிர்வானா’ என்ற எழுத்து. அதை வாங்கும் கல்லூரிப் பையனிடம், “தம்பி, இந்த பேண்டோட பாட்டு கேட்டிருக்கியா?” என்று கேட்டுப் பாருங்கள். “பேண்டா? பிராண்டுன்னுல்ல நெனச்சேன்” என்று பதில் வந்தாலும் ஆச்சரியமில்லை.

அந்தப் பதிலைப் பார்த்துச் சிரிக்கத் தேவையில்லை. ஒரு பேண்ட், பிராண்டாக மாறியதுதான் ஆல்டர்நேட்டிவ் ராக் என்ற இசை வகையின் மொத்தக் கதையே. அமெரிக்காவில் அது நடக்க ஏறத்தாழ பதினைந்து வருடம் ஆனது. தமிழில் ‘இண்டி’ என்று நாம் சொல்லும் சுயாதீன இசை, இப்போது அதே பாதையில் இன்னும் வேகமாகப் போய்க்கொண்டிருக்கிறது என்பது என் கருத்து. எப்படி என்று பார்ப்போம்.

எதற்கு மாற்று?

1980-களின் அமெரிக்காவில் பெரிய ரேடியோவும் பெரிய இசை நிறுவனங்களும் தொடாத பேண்டுகள் நிறைய இருந்தன. அவற்றின் பாட்டைக் கல்லூரி வளாக ரேடியோக்கள் போட்டன. சியாட்டிலின் ‘சப் பாப்’ மாதிரி சின்ன லேபிள்கள் ரெக்கார்டு வெளியிட்டன. கச்சேரி நடந்ததெல்லாம் சின்னச் சின்ன கிளப்களில். ‘ஆல்டர்நேட்டிவ்’ என்ற பெயர் இசையின் ஒலியைக் குறித்ததைவிட, அந்த இசை மக்களிடம் போய்ச் சேர்ந்த வழியைத்தான் அதிகம் குறித்தது.

இந்த வழியில் காசு இருக்கிறது என்று தொழில்துறைக்கு மெல்லப் புரிந்தது. 1988-ல் ‘பில்போர்டு’ பத்திரிகை இந்த வகைக்கென்று தனி ரேடியோ தரவரிசை தொடங்கியது. அதே ஆண்டு, சின்ன லேபிளில் இருந்த ஆர்.இ.எம். பேண்டை வார்னர் நிறுவனம் ஒப்பந்தம் செய்தது. 1991-ல் பெர்ரி ஃபாரெல் ‘லோலாபலூசா’ என்ற ஊர் ஊராகச் செல்லும் இசை விழாவைத் தொடங்கினார். அதே ஆண்டு செப்டம்பர் 24-ல் நிர்வானாவின் ‘நெவர்மைண்ட்’ ஆல்பம் வந்தது. 1992 ஜனவரியில் அது மைக்கேல் ஜாக்சனின் ‘டேஞ்சரஸ்’ ஆல்பத்தைத் தள்ளிவிட்டு அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது.

மாற்று என்று சொல்லப்பட்டது நம்பர் ஒன் ஆகிவிட்டால், அது இனி எதற்கு மாற்று? சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது.

சட்டை முதலில் விற்றது

அதற்கடுத்த இரண்டு வருடத்தில் பெரிய லேபிள்களின் ஆட்கள் சியாட்டிலில் கையில் ஒப்பந்தத்தோடு அலைந்தார்கள். குளிருக்காகவும் சிக்கனத்துக்காகவும் அந்த ஊர்ப் பையன்கள் போட்டுக்கொண்டிருந்த பழைய கட்டம் போட்ட சட்டை, பேஷன் ஆனது. 1992 நவம்பரில் டிசைனர் மார்க் ஜேக்கப்ஸ், பெர்ரி எல்லிஸ் நிறுவனத்துக்காக ‘கிரஞ்ச்’ பாணி உடைகளை நியூயார்க் மேடையில் ஏற்றினார். அந்தச் சட்டையையே பட்டில் செய்திருந்தார். நிறுவனத்துக்குப் பிடிக்கவில்லை, அவருக்கு வேலை போனது. ஆனால் பாணி மட்டும் கடைகளில் தங்கிவிட்டது.

நிர்வானாவின் கர்ட் கோபைன் 1994 ஏப்ரலில், 27 வயதில் இறந்தார். 2018-ல் நிர்வானாவின் உரிமைகளை வைத்திருக்கும் நிறுவனம், அதே மார்க் ஜேக்கப்ஸின் கம்பெனி மீது வழக்குப் போட்டது. எதற்குத் தெரியுமா? அந்த மஞ்சள் முகத்தைப் போன்ற படம் போட்ட டீ-ஷர்ட்டுக்காக. பாட்டைவிட படத்துக்கு ஆயுசு கெட்டி.

அப்புறம் ஏன் சரிந்தது?

“ரசனை மாறிப்போச்சு” என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அது பாதிதான் சரி. கண்ணுக்குத் தெரியாத மூன்று காரணங்கள் இருக்கின்றன.

முதலாவது, ரேடியோ. 1996-ல் வந்த தொலைத்தொடர்புச் சட்டம், அமெரிக்கா முழுக்க ஒரு நிறுவனம் எத்தனை ரேடியோ நிலையங்கள் வைத்துக்கொள்ளலாம் என்ற உச்சவரம்பை நீக்கியது. அதுவரை ஏ.எம். 20, எஃப்.எம். 20 என்பதுதான் எல்லை. சில வருடங்களில் ‘கிளியர் சேனல்’ என்ற ஒரே நிறுவனத்தின் கையில் சுமார் 1,200 நிலையங்கள் சேர்ந்தன. எந்தப் பாட்டைப் போடலாம் என்ற முடிவு உள்ளூர் தொகுப்பாளரிடமிருந்து தலைமை அலுவலகத்துக்குப் போனது. தலைமை அலுவலகம் ரிஸ்க் எடுக்காது. ஏற்கெனவே ஓடிய பாட்டைப் போலவே இருக்கும் பாட்டைத்தான் தேடும். பத்து வருடத்தில் ‘ஆல்டர்நேட்டிவ்’ என்ற பெயரில் ஒரே அச்சில் வார்த்த பேண்டுகள் வந்து குவிந்தன.

இரண்டாவது, இணையம். 1999-ல் நாப்ஸ்டர் வந்தது. ஒரு நல்ல பாட்டுக்காகப் பன்னிரண்டு பாட்டு உள்ள சி.டி.யை வாங்க வேண்டிய கட்டாயம் போனது. ஆல்பம் விற்று வாழ்ந்த பேண்டுகளுக்கு இது பலமான அடி.

மூன்றாவது, செலவு. ஒரு ராக் பேண்ட் என்றால் நாலு பேர், டிரம்ஸ், ஆம்ப்ளிஃபயர், ஒத்திகைக்கு ஓர் இடம், சாமான் ஏற்ற ஒரு வண்டி. ஹிப்-ஹாப்புக்கு ஒரு லேப்டாப்பும் மைக்கும் சொல்வதற்கு ஒரு கதையும் போதும். 2017-ல் அமெரிக்காவில் அதிகம் கேட்கப்படும் இசை வகை என்ற இடத்தை ராக்கிடமிருந்து ஹிப்-ஹாப்பும் ஆர் அண்ட் பி-யும் சேர்ந்து பிடித்துவிட்டன என்று நீல்சன் கணக்கு காட்டியது.

ராக் செத்துவிட்டதா? இல்லை. ‘லோலாபலூசா’ 2023-ல் மும்பைக்கே வந்துவிட்டது. 2025-ல் ‘கிரீன் டே’ அங்கே வாசித்தார்கள். கூட்டம் அலைமோதும் பழைய பெயர்களாக அவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நாளைக்கு எல்லாரும் என்ன கேட்பார்கள் என்பதைத் தீர்மானிக்கும் இடத்தில்தான் இல்லை.

சென்னையின் ராக்: ஆங்கிலத்தில் ஒரு காலம்

சென்னைக்கு இந்த இசை புதிதில்லை. ஏ.ஆர்.ரஹ்மானே சினிமாவுக்கு வருமுன் ‘நெமிசிஸ் அவென்யூ’ என்ற ராக் பேண்டில் இருந்தவர். ஐ.ஐ.டி. மெட்ராஸின் ‘சாரங்’ விழாவில் ராக் ஷோ நடக்கும் இரவு, நகரத்து கிட்டார் பையன்களுக்குத் திருவிழா. 2009-ல் ஸ்வீடனின் ‘ஓப்பெத்’ அங்கே வாசித்தது. அடையாறின் ‘அன்வைண்ட் சென்டர்’ கல்லூரி பேண்டுகளுக்கு மேடை கொடுத்தது. ‘ஜங்க்யார்ட் குரூவ்’, ‘ஸ்க்ராட்’, ‘தி எஃப்16ஸ்’ என்று நல்ல பேண்டுகள் இந்த ஊரிலிருந்து வந்தன.

ஆனால் பாடியது ஆங்கிலத்தில். குரோம்பேட்டையிலோ பெருங்களத்தூரிலோ பேருந்துக்குக் காத்திருப்பவர் காதுக்கு அது எட்டவில்லை. பக்கத்தில் கேரளத்தில் ‘அவியல்’ 2008-ல் மலையாளத்திலேயே ஆல்டர்நேட்டிவ் ராக் ஆல்பம் போட்டு, நாட்டுப்புற வரியையும் கிட்டாரையும் சேர்த்துக் காட்டியது. தமிழில் அந்த வேலையை ‘லா பொங்கல்’, ‘ஷான் ரோல்டன் அண்ட் பிரெண்ட்ஸ்’, ‘குரங்கன்’ போன்ற குழுக்கள் செய்ய ஆரம்பித்தன. கோவையிலிருந்து வந்த ‘ஹிப்ஹாப் தமிழா’ 2011-ல் யூடியூபில் வெடித்து, 2012-ல் முழு ஆல்பம் கொண்டுவந்தது. 2018 ஜனவரி 6-ல் கீழ்ப்பாக்கத்தில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ முதல்முறையாக மேடை ஏறியது. பா.ரஞ்சித்தின் முயற்சியில், டென்மாவின் இசைப் பொறுப்பில் கானாவும் ராக்கும் ராப்பும் ஒன்றாக நின்றன. இடஒதுக்கீட்டைப் பற்றி ஒரு பாட்டு, அதுவும் ஆடவைக்கும் பாட்டு. அன்றைய தமிழ் எஃப்.எம்.மில் அதற்கு எந்த நேரத்தில் இடம் கொடுத்திருப்பார்கள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

எல்லா ரோட்டுக்கும் ஒரே டோல்கேட்

இனி ஒரு பட்டியல். ஷான் ரோல்டன் 2014-ல் சினிமா இசையமைப்பாளர் ஆனார். ஹிப்ஹாப் தமிழா ஆதி 2015-ல் ‘ஆம்பள’. லா பொங்கல் தர்புகா சிவா 2016-ல் ‘கிடாரி’. டென்மா 2019-ல் ‘இரண்டாம் உலகப்போரின் கடைசி குண்டு’. 2024-ல் ‘கட்சி சேர’, ‘ஆச கூட’ என்ற இரண்டு தனிப்பாடல்களால் ஊரெல்லாம் ஒலித்த சாய் அபயங்கர், 2025-ல் ‘டியூட்’ படத்துக்கு இசையமைத்துவிட்டார். ராக், ராப், நாட்டுப்புறம், பாப் என்று எங்கிருந்து கிளம்பினாலும் எல்லாரும் வந்து நிற்கும் டோல்கேட் கோடம்பாக்கம்தான்.

இவர்களைக் குறை சொல்லவில்லை. சினிமாவில் சம்பளம் உண்டு, வயலின் வாசிப்பவருக்கும் கோரஸ் பாடுபவருக்கும் அன்றாடம் வேலை உண்டு. இவர்கள் போனதால் தமிழ்ச் சினிமா இசை வளமானது என்பதும் உண்மை. “நல்லாத்தானே இருக்கு, அப்புறம் என்ன பிரச்சினை?” என்று நீங்கள் கேட்கலாம்.

பிரச்சினை இதுதான். வெளியேறும் வாசல் ஒன்றே ஒன்று என்றால், பாட்டு வேலை விண்ணப்பமாக மாறிவிடும். இன்று வெளிவரும் ‘இண்டி’ பாடல்களில் பெரும்பான்மையைக் கவனியுங்கள். மூன்று நிமிடம், ஒரு காதல், ஒரு கதாநாயகி, ரீல்ஸில் வெட்டி ஒட்டத் தோதாக ஒரு பதினைந்து விநாடி. படம் இல்லாத சினிமாப் பாட்டு அது. பெரிய இசை நிறுவனங்கள் ‘இண்டி’ என்ற சொல்லையே தங்கள் பிரிவுகளுக்குப் பெயராக வைத்திருக்கின்றன. 1992-ல் கட்டம் போட்ட சட்டைக்கு நடந்தது இன்று ‘இண்டி’ என்ற சொல்லுக்கு நடக்கிறது.

அமெரிக்காவில் மாற்று இசை குறைந்தபட்சம் சில வருடங்கள் அரியணையில் உட்கார்ந்தது. நம் ஊரில் உட்காரும் முன்பே, அரியணைக்காரர் கூப்பிட்டுப் பக்கத்தில் நாற்காலி போட்டுக் கொடுத்துவிடுகிறார்.

‘எஞ்சாய் எஞ்சாமி’ சொல்லும் பாடம்

சினிமா இல்லாமலும் உலகத்தைத் தொட முடியும் என்று காட்டிய பாட்டு, 2021 மார்ச் 7-ல் வெளிவந்த ‘எஞ்சாய் எஞ்சாமி’. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த பாட்டியின் நினைவிலிருந்து அறிவு எழுதியது. தீ-யும் அறிவும் பாடியது. சந்தோஷ் நாராயணன் தயாரித்தது. ‘மாஜ்ஜா’ என்ற புதிய சுயாதீனத் தளம் வெளியிட்டது. யூடியூபில் 40 கோடிக்கும் மேற்பட்ட பார்வைகள்.

அடுத்து நடந்ததைப் பாருங்கள். 2021 ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ அட்டையில் தீ-யும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள், அறிவு இல்லை. பா.ரஞ்சித் உள்ளிட்டோர் வெளிப்படையாகக் கேள்வி எழுப்பிய பிறகு, அறிவை வைத்து டிஜிட்டல் அட்டை வந்தது. 2024 மார்ச்சில், பாட்டுக்கு மூன்று வயது ஆனபோது, இந்தப் பாட்டிலிருந்து எங்கள் மூவருக்கும் இதுவரை எந்த வருமானமும் வரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் வீடியோ போட்டுச் சொன்னார்.

யார் சரி, யார் தப்பு என்று தீர்ப்புச் சொல்ல நான் நீதிபதி இல்லை. ஆனால் இதிலிருந்து இரண்டு கேள்விகளை எந்த இளம் கலைஞரும் எடுத்துக்கொள்ள வேண்டும்: அட்டையில் யார் முகம்? கணக்கில் யார் பெயர்?

இரண்டாவது கேள்விக்குக் கொஞ்சம் சட்டம் தெரிய வேண்டும். ஒரு பாட்டில் இரண்டு சொத்து இருக்கிறது. வரியும் மெட்டும் ஒன்று. அதைப் பதிவு செய்த ஒலி, அதாவது ‘மாஸ்டர்’, இன்னொன்று. 2012-ல் திருத்தப்பட்ட காப்புரிமைச் சட்டத்தின்படி, பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்கள் ராயல்டி பங்கை எழுதிக்கொடுத்துவிட முடியாது. கையெழுத்துப் போட்டாலும் அந்தப் பங்கு அவர்களுடையதே. இதை வசூலித்துத் தரும் ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பு 2017-ல் மறுபடியும் பதிவு பெற்று இயங்குகிறது. ஆனால் அதில் உறுப்பினராகச் சேர்ந்து பாட்டைப் பதிவு செய்தால்தான் காசு உங்கள் முகவரிக்கு வரும். மாஸ்டர் உரிமையை லேபிளிடம் மொத்தமாக விற்றுவிட்டால் அதற்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. எத்தனை வருடத்துக்கு, எந்தெந்த நாட்டுக்கு, என்ன சதவீதத்துக்கு என்று ஒப்பந்தத்தில் தேடிப் படியுங்கள். பைக் லோனுக்குக் கையெழுத்துப் போடும்போது வட்டி எவ்வளவு என்று கேட்கிறோம் இல்லையா, அந்த அளவு கவனமாவது வேண்டும்.

தாம்பரத்தில் மேடை எங்கே?

உரிமை ஒரு பக்கம். மேடை இன்னொரு பக்கம். சியாட்டிலில் சின்ன கிளப்கள் இருந்ததால்தான் அந்த இசையே பிறந்தது. நம் ஊரில் நிலைமை வேறு. தமிழ்நாட்டில் மதுக்கூட உரிமம் பெரும்பாலும் நட்சத்திர ஹோட்டல்களுக்கும் கிளப்களுக்கும்தான். அதனால் பேண்ட் வாசிக்கும் ‘பப்’ என்பது ஏதாவதொரு பெரிய ஹோட்டலுக்குள் இருக்கும். மது அருந்தும் வயது 21. பாட்டு கேட்கத் துடிக்கும் வயதோ 17, 18. சேலையூரில் இருக்கும் மாணவிக்கு நுழைவுக் கட்டணமும் அதிகம், தூரமும் அதிகம். கடைசி லோக்கல் ரயிலைப் பிடிக்கும் கவலையில் கடைசி இரண்டு பாட்டு போய்விடும். வாசிக்கும் பையனுக்கும் இதே கதைதான். வாடகை வீட்டில் டிரம்ஸ் வாசித்தால் அடுத்த மாதமே ஹவுஸ் ஓனர் வீட்டைக் காலி செய்யச் சொல்வார். தென்சென்னைப் புறநகரில் ராப்பர்கள் பெருகியதற்கு ரசனை மட்டுமா காரணம்? ஹெட்போன் சத்தம் போடாது.

கல்லூரிகள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். மெட்ராஸ் கிறித்தவக் கல்லூரி 1937-லேயே தாம்பரத்துக்கு வந்துவிட்டது. அதன் ‘டீப்வுட்ஸ்’ விழா பிரபலம். வண்டலூர், காட்டாங்குளத்தூர் வரை இந்தச் சாலையில் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பொதுவாகவே கல்லூரி விழாக்களில் பெரிய பட்ஜெட் போவது சினிமாப் பாடகரின் இரவு நிகழ்ச்சிக்கு. சொந்தப் பாட்டு வாசிக்கும் மாணவர் குழுவுக்கு மத்தியான வெயிலில் இருபது நிமிடம், அதுவும் போட்டி என்ற பெயரில்.

என்னதான் செய்யலாம்?

சினிமாவை நம்பாமல் ஒரு நூற்றாண்டாக ஓடும் இசை ஒன்று இதே சென்னையில் இருக்கிறது: கர்நாடக சங்கீதம். மியூசிக் அகாடமி தொடங்கியது 1928-ல். வருடச் சந்தா, நிரந்தர அரங்கு, மார்கழி சீசன், கூடவே ஒரு கேன்டீன். இந்த நான்கும் சேர்ந்த ஏற்பாட்டை ‘சபா’ என்கிறோம். உள்ளே யார், வெளியே யார் என்பதில் சபாக்கள் மீது நியாயமான விமர்சனம் உண்டு. 2020 மார்கழியில் தொடங்கிய ‘மார்கழியில் மக்களிசை’ அதற்கு வந்த பதில்தான். ஆனால் சபா என்ற அந்த ஏற்பாட்டை ஏன் நாம் எடுத்துக்கொள்ளக் கூடாது?

தாம்பரம், பல்லாவரம், பம்மல், செம்பாக்கம் எல்லாம் சேர்ந்து 2021 நவம்பரில் 70 வார்டுகள் கொண்ட மாநகராட்சி ஆனது. ஜி.எஸ்.டி. சாலையிலும் வேளச்சேரி சாலையிலும் கல்யாண மண்டபங்கள் ஏராளம். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது, மண்டபங்கள் பூட்டிக் கிடக்கும். மேடை, நாற்காலி, ஜெனரேட்டர், பார்க்கிங், சமையலறை எல்லாம் தயாராக இருக்கிறது. இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது விதி. ஆறு மணிக்கு ஆரம்பித்து ஒன்பதரைக்கு முடித்தால் எல்லாருக்கும் ரயில் கிடைக்கும். மது இல்லை என்பதால் வயதுத் தடையும் இல்லை. ஆடித் திருவிழாவில் சினிமாப் பாட்டு வாசிக்கும் மெல்லிசைக் குழுக்களின் கீபோர்டு, பேட் கலைஞர்கள் இதே தெருக்களில்தான் இருக்கிறார்கள். அவர்களிடமும் சொந்தப் பாட்டு இருக்கலாம். யாரும் கேட்டதில்லை.

இருநூறு பேர், மாதம் ஆளுக்கு முந்நூறு ரூபாய் என்றால் அறுபதாயிரம். மண்டப உரிமையாளர் சீசன் இல்லாத வாடகைக்குச் சம்மதித்தால், இரண்டு பேண்டுகளுக்குக் கௌரவமான சம்பளம் கொடுக்க இது போதும் என்று நினைக்கிறேன். ஐ.டி. வேலையில் இருக்கும் பலருக்கு அது ஒரு வார இறுதி பிரியாணி ஆர்டர் செலவு. மாநகராட்சியும் தன் சமுதாயக் கூடங்களை மாதம் ஒரு நாள் குறைந்த வாடகைக்குக் கொடுக்கலாம்.

இதனால் அனிருத்துக்குப் போட்டி வந்துவிடுமா? வராது. சினிமா தன் பாட்டுக்கு ஓடட்டும். சினிமாவுக்குப் போக விரும்பும் இசைக்கலைஞர் தாராளமாகப் போகட்டும். போகாமல் இருந்தாலும் வீட்டு வாடகை கட்ட முடியும் என்ற நிலை இருந்தால்தான், போவது அவருடைய சொந்த முடிவாக இருக்கும்.

அடுத்த ஆடிக்கு எந்த மண்டபம் காலி என்று விசாரித்து வையுங்கள். டீ-ஷர்ட் கடைக்காரர் இருக்கவே இருக்கிறார். நம்ம ஊர் பேண்டின் பெயரையும் அச்சடித்துத் தருவார்.